தோற்கும் கால்பந்து அணி: அறிகுறியைப் பார்த்துக் கோளாற்றைக் களையும் வழிமுறை

தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்ற அணியின் பயிற்சியாளர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஆட்ட அமைப்பில்தான். 4-4-2 (பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்) என்று ஆடிய அணியை 4-3-3 ஆக்குவார்; அதுவும் பலிக்காவிட்டால் ஐந்து பேரைப் பின்னால் நிறுத்துவார். இருபது ஆண்டுகளாகப் பள்ளி, கல்லூரி அணிகளோடு மைதானத்தில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: அமைப்பை மாற்றியதால் மட்டும் தேறிய அணிகளை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். கோளாறு அநேகமாக அதற்கும் கீழே, பந்தை நிறுத்துவதிலோ, நிற்கும் இடத்திலோ, கோபத்தை அடக்குவதிலோ இருக்கும். ஊர் லீக் அளவிலுள்ள அணிகளைப் பயிற்றுவிப்போருக்காக இந்த வழிமுறையை எழுதியிருக்கிறேன். பெரிய அணிகளின் ஆட்டங்களை எடுத்துக்காட்டாகச் சொல்லக் காரணம், அதே கோளாறு உலகக் கோப்பையிலும் அதே வடிவில்தான் வெளிப்படுகிறது என்பதே.

தொடங்குமுன் இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒரு நோட்டுப்புத்தகம், உயரமான இடத்தில் நின்று செல்பேசியில் எடுத்த ஆட்டத்தின் வீடியோ. வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் வீடியோவைப் பத்து நொடி பின்னுக்குத் தள்ளுங்கள்; பிறகு இன்னும் பத்து நொடி தள்ளுங்கள். கோல்கீப்பரின் கையிலிருந்து பந்து நழுவியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இருபது நொடிக்கு முன்னால் எதிர்ப்பக்க விங் பேக் (ஓரத்தில் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரர்) நடந்து திரும்பிக்கொண்டிருந்தது வீடியோவில்தான் தெரியும்.

குறையைக் கண்டதும் அதே செயலை மூன்று நிலைகளில் செய்ய வைத்துப் பாருங்கள்: எதிரில் ஆள் இல்லாமல், எதிராளி நெருக்கும்போது, களைத்துப்போன கடைசி நிமிடங்களில். ஆள் இல்லாதபோதே தவறினால் அடிப்படைத் திறனில் குறை. நெருக்கும்போது மட்டும் தவறினால் பார்வையிலும் முடிவெடுப்பதிலும் குறை. கடைசி நிமிடங்களில் மட்டும் தவறினால் உடல் தகுதியோ ஒழுங்கோ போதவில்லை. செய்யத் தெரிந்ததைக் களைத்த நேரத்திலும் கோபம் வந்த நேரத்திலும் அதேபோலச் செய்வதையே இங்கே ஒழுங்கு என்கிறேன். சீருடையை ஒழுங்காக அணிவதைப் பற்றி இந்தக் கட்டுரைக்குக் கவலை இல்லை.

அறிகுறி 1: பந்து காலுக்கு வந்த ஓரிரு நொடிகளில் பறிபோகிறது

மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். கீழே வரும் பல அறிகுறிகளுக்கு மூலமும் இதுவே என்பதால் முதலில் வைத்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போது பையனுக்குத் தைரியம் போதவில்லை என்றோ, பாஸ் கொடுக்கத் தெரியவில்லை என்றோதான் தோன்றும். அந்த முடிவுக்கு அவசரப்பட்டு வராதீர்கள். ஆட்டத்தின் ஒரு பாதி முழுவதும் ஒரே ஒரு நடுக்கள ஆட்டக்காரரை மட்டும் கவனித்து, பந்து அவருக்கு வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு விடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்து வந்து சேருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாரா? முதல் தொடுகைக்குப் பிறகு பந்து எங்கே போய் நின்றது?

நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஸ்டாப்பர் (நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்) பந்தை உருட்டுகிறார். நடுக்கள ஆட்டக்காரர் தன் கோலைப் பார்த்தபடி, இரண்டு தோள்களும் பந்துக்கு நேராக இருக்க, அருகிலுள்ள காலால் பந்தை நிறுத்துகிறார். பந்து காலடியில் செத்து நிற்கிறது. அவர் திரும்புவதற்கு இன்னும் இரண்டு தொடுகைகள் வேண்டும். அதற்குள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தவர் காலை நீட்டிவிடுகிறார். இதே ஆட்டக்காரர், பந்து உருண்டு வரும்போதே ஒரு முறை பின்னால் பார்த்து, உடலைப் பக்கவாட்டில் திறந்து நின்று, பந்துக்கு அப்பால் இருக்கும் காலின் உட்புறத்தால் அதை ஒரு மீட்டர் முன்னே எடுத்திருந்தால், வந்தவரை அந்த ஒரு தொடுகையிலேயே கடந்திருப்பார். வேகம் இரண்டு முறையும் ஒன்றுதான்.

வாங்கியவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. அவர் திரும்ப வேண்டிய பக்கத்துக் காலுக்குப் பந்து வந்ததா, துள்ளாமல் வந்ததா, ஒரே தொடுகையில் எடுத்துப் போகும் வேகத்தில் வந்ததா என்று கொடுத்தவரையும் சோதியுங்கள். மெதுவாக உருட்டிய பாஸ் பாதுகாப்பானதாகத் தோன்றும். எதிராளி நெருங்கி வருவதற்கு நேரம் கொடுப்பதும் அதுதான்.

நிவர்த்திக்குச் சுவர் ஒன்று போதும். ஒவ்வொரு காலுக்கும் பத்து நிமிடம் சுவரில் அடித்துத் திரும்பும் பந்தை நிறுத்தாமல் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். அது கைவந்த பிறகு இருவர் இருவராகச் செய்யட்டும். பந்து வந்துகொண்டிருக்கும்போது மூன்றாமவர் ஒருவர் வாங்குபவருக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்ட, அவர் திரும்பிப் பார்த்து எண்ணிக்கையை உரக்கச் சொன்ன பிறகே பந்தைத் தொட வேண்டும். முதல் நாள் எல்லோரும் சிரிப்பார்கள், பந்து கண்டபடி ஓடும். இரண்டாவது வாரத்தில் யாரும் சொல்லாமலேயே கழுத்துத் திரும்பத் தொடங்கும். அதன் பிறகு எட்டு மீட்டர் சதுரத்தில் நான்கு பேர் பந்தை வைத்திருக்க, இரண்டு பேர் பறிக்க முயலும் பயிற்சிக்குப் போகலாம். பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அடிப்படை இல்லாத இடத்தில் அது வெறும் ஓடிப்பிடித்து விளையாட்டாக முடிகிறது.

இந்திய அணியை 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை பயிற்றுவித்த ஹைதராபாத் ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம், பந்தைக் காலில் வைத்து வெட்டி ஓடக் கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தியவர். பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும் ஆட்டங்கள் வைத்தவர். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றதும் அவர் காலத்தில்தான். ஒரு விதியைக் கட்டிப்போட்டு ஒரு திறனை வளர்க்கும் அந்த முறைக்கு இன்றும் செலவு ஒன்றும் இல்லை.

மைதானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கல்லும் மேடுமான தரையில் சரியான தொடுகையும் தவறாகத் தெரியும். பந்தின் காற்றையும் பாருங்கள்: விதிப்படி அழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டலம் வரை, எடை 410 முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும். கல்போல இறுகிய பந்தில் முதல் தொடுகை பழகச் சொல்வது, மொண்ணைக் கத்தியைக் கொடுத்துக் காய் நறுக்கச் சொல்வது போன்றது.

அறிகுறி 2: எதிரணி நடுவழியாகச் சுலபமாக வந்து கோல் அடிக்கிறது

வீடியோவை எதிரணிக்குப் பந்து கிடைத்த நொடியில் நிறுத்தி, உங்கள் கடைசித் தற்காப்பு ஆட்டக்காரருக்கும் முன்கள ஆட்டக்காரருக்கும் இடையிலான தூரத்தை அளவிடுங்கள். பெரிய மைதானங்களின் வழக்கமான நீளம் 105 மீட்டர். அதில் உங்கள் பத்துப் பேரும் 60 மீட்டரில் சிதறி நின்றால், நடுவில் இருவர் எவ்வளவு ஓடினாலும் ஓட்டையை அடைக்க முடியாது. இத்தாலியின் ஏசி மிலான் அணியை 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வெல்ல வைத்த பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே 25 முதல் 30 மீட்டருக்கு மேல் விடக் கூடாது என்று வலியுறுத்தினார். பந்தே இல்லாமல், பந்து இங்கே இருக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, பதினொரு பேரும் சேர்ந்து நகரும் பயிற்சியை நாள்தோறும் கொடுத்தார்.

சாக்கி பிற்காலத்தில் அடிக்கடி சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஒழுங்காக அடுக்கப்பட்ட ஐந்து பேர், ஒழுங்கில்லாத பத்துப் பேரை வெல்வார்கள் என்று அவர் சொன்னதைத் தம் ஆட்டக்காரர்களுக்குச் செய்தே காட்டினார். கோல்கீப்பர் கல்லியோடு தசோத்தி, பரேசி, கொஸ்தகுர்தா, மால்தினி ஆகிய நால்வர் ஒரு பக்கம். குல்லித், வான் பாஸ்டன், ரைகார்டு முதலிய பத்துப் பேர் மறுபக்கம். பதினைந்து நிமிடம் அவகாசம். பந்தை இழந்தால் பத்துப் பேரும் தங்கள் பாதியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும் என்பது மட்டுமே விதி. அவர்களால் ஒரு முறைகூடக் கோல் அடிக்க முடியவில்லை என்கிறார் சாக்கி. மறுபக்கம் இருந்தவர்கள் உலகின் மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் அளவில் இதைச் செய்ய, தற்காப்பு வரிசையின் நால்வரையும் எட்டெட்டு மீட்டர் கயிற்றால் இடுப்பில் இணைத்து, பந்து நகரும் பக்கமெல்லாம் நகரச் சொல்லுங்கள். கயிறு தொய்ந்தாலும் இழுபட்டாலும் அவர்களுக்கே தெரியும்; நீங்கள் கத்த வேண்டியதில்லை. கயிற்றை அவிழ்த்த பிறகும் அந்த இடைவெளி நிற்கிறதா என்று அதே வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் சோதியுங்கள்.

இங்கே ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் போதுமானது என்பதற்கு இங்கிலாந்தின் 2015-16 லெஸ்டர் சிட்டியை விடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது. அந்தப் பருவத்தின் முதல் ஒன்பது லீக் ஆட்டங்களில் அந்த அணி 17 கோல் வாங்கியது. ஒன்றில்கூடக் கோல் வாங்காமல் தப்பவில்லை. ஆர்சனலிடம் 2-5 என்று தோற்ற பிறகு பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரி அமைப்பைக் கலைக்கவில்லை. இரண்டு பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர்களை மட்டும் மாற்றி, ஏறி ஏறி ஓடுபவர்களுக்குப் பதிலாக இடத்தில் நிற்கும் ஃபுக்ஸையும் சிம்ப்சனையும் இறக்கினார். கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவதாகவும் சொல்லிவைத்தார். அக்டோபர் 24 அன்று கிறிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்று அதைச் சம்பாதித்தார்கள். மாவைப் பிசைந்து பீட்சாவை அவர்களே செய்ய வேண்டியிருந்தது என்பது வேறு கதை. மீதமிருந்த 29 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 19 மட்டுமே. 81 புள்ளிகளோடு அந்த அணி பட்டம் வென்றது.

அறிகுறி 3: கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் கோல் வாங்குகிறோம்

இதைச் சரிசெய்வது மற்ற எல்லாவற்றையும் விட எளிது. ஆனாலும் பயிற்சியில் கடைசி ஐந்து நிமிடம்தான் இதற்குக் கிடைக்கிறது. ஆட்டம் முடிந்ததும் உங்கள் ஆட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: கார்னரின்போது உன் ஆள் யார்? விடை சொல்லத் தயங்குபவர் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் 7-1 என்று ஜெர்மனியிடம் நொறுங்கியதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சரிவின் முதல் கோல் 11ஆவது நிமிடத்தில், க்ரூஸ் அடித்த கார்னரில், கோலுக்கு எதிரே யாருமே காவல் இல்லாமல் நின்ற முல்லருக்குக் கிடைத்த பந்து. அவரைப் பிடித்திருக்க வேண்டியவர் கூட்டத்தில் சிக்கிக்கொண்டார்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு, நாடுகளுக்கான 2004 ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிரீஸ். ஓட்டோ ரெஹாகெலின் அந்த அணி காலிறுதியில் பிரான்ஸையும், அரையிறுதியில் செக் குடியரசையும், இறுதியில் போட்டியை நடத்திய போர்ச்சுகலையும் ஒவ்வொன்றும் 1-0 என்றே வென்றது; மூன்று கோலும் தலையால் அடித்தவை, கடைசி இரண்டும் கார்னரில் வந்தவை. அழகான ஆட்டம் என்று யாரும் புகழவில்லை. ஆனால் யார் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு அந்த அணியில் பதினொரு பேருக்கும் விடை தெரிந்திருந்தது.

உடை மாற்றும் இடத்தின் சுவரில் பெயர்ப்பட்டியலை ஒட்டுங்கள். மாற்று ஆட்டக்காரர் இறங்கும்போது, கார்னரில் யார் இடத்தை ஏற்கிறார் என்பதை அவர் கோட்டைத் தாண்டுமுன் சொல்லுங்கள். அநேகக் குழப்பம் அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது.

அறிகுறி 4: நமக்குக் கிடைத்த கார்னர், நம் வலையில் கோலாக முடிகிறது

2018 உலகக் கோப்பையில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னணியில் இருந்த ஜப்பான், 2-2 ஆன பிறகும் கூடுதல் நேரத்தை எட்டிப் பிடித்திருக்கலாம். 94ஆவது நிமிடத்தில் ஹோண்டா அடித்த கார்னரைக் கோல்கீப்பர் குர்துவா நேராகக் கையில் பிடித்தார். உடனே டி ப்ராய்னவுக்கு உருட்டினார். அவர் நடுக்களம் முழுவதையும் யாரும் குறுக்கிடாமல் ஓடிக் கடந்து வலப்பக்கம் மூனியேவுக்குக் கொடுத்தார். மூனியே குறுக்கே அனுப்பிய பந்தை லுக்காகு தொடாமல் விட, பின்னால் வந்த சாட்லி வலைக்குள் தள்ளினார். சுமார் பத்து நொடியில் எல்லாம் முடிந்தது. அந்த ஓட்டத்தை நான் வகுப்புகளில் எத்தனையோ முறை போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மாணவர்கள் பெல்ஜியத்தின் வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, கோல்கீப்பர் பந்தைப் பிடித்த நொடியில் அவர் முன்னால் குறுக்கே போய் நிற்க ஒரு ஜப்பானியர்கூட இல்லை என்பதையும், பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும்தான்.

விதி எளியது. எதிரணி எத்தனை பேரை நம் பாதியில் முன்னால் விட்டிருக்கிறதோ அதைவிட ஒருவர் அதிகமாக நம் பக்கத்தில் நிற்க வேண்டும். பெனால்ட்டி பெட்டிக்கு வெளியே ஒருவர், வெளிவரும் பந்துக்காக மட்டும் காத்திருக்க வேண்டும். பந்து பறிபோன உடன் அருகிலுள்ளவர் பின்னால் ஓடாமல் பந்தை நோக்கி ஓட வேண்டும். 2-2 என்ற நிலையில் கடைசி நிமிடம் என்றால் கார்னரை அருகிலுள்ளவருக்கே தட்டிக் கொடியருகே பந்தை வைத்துக்கொள்வதும் ஓர் ஆட்டமே. துணிச்சல் இல்லாத அணி என்று பார்வையாளர்கள் சொல்லட்டும்.

அறிகுறி 5: ஒரு கோல் வாங்கியதும் அணி கலைந்துபோகிறது

நோட்டில் வாங்கிய கோல்களின் நிமிடங்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். இரண்டு கோல்கள் ஐந்து நிமிட இடைவெளிக்குள் அடுத்தடுத்து இருந்தால் இந்த அறிகுறிதான். மேலே சொன்ன அதே 2014 அரையிறுதியில் பிரேசில் 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல் வாங்கியது. அந்த ஆறு நிமிடங்களில் அவர்களுடைய திறன் எங்கும் ஓடிப்போகவில்லை. இழந்ததை உடனே மீட்க ஒவ்வொருவரும் தன் இடத்தை விட்டுத் தனியாகப் பாய்ந்தார்கள்.

மாறாக, கோயம்புத்தூரில் 2019 மார்ச் 9 அன்று ஆடிய சென்னை சிட்டி அணியைப் பாருங்கள். வென்றால் இந்தியாவின் ஐ-லீக் பட்டம் என்ற கடைசி ஆட்டத்தில், மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் அணி அதற்குப் பிறகும் வழக்கம்போலவே பின்னாலிருந்து பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியது. சமன் செய்த பெனால்ட்டி கோலை மான்சி அடித்தது 56ஆவது நிமிடத்தில். அதன் பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, ஆட்டம் 3-1 என்று முடிந்தது. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்றுப் பட்டம் கிடைத்தது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தபடி, மாடியிலிருந்து விழுந்தவர் போல ஆடாமல் இருந்ததுதான் நான் அந்த ஆட்டத்தில் கண்ட திறமை.

இதைப் பயிற்சியில் பழக்கலாம். கோல் வாங்கியதும் செய்ய வேண்டியதை முன்கூட்டியே எழுதிவையுங்கள்: வலையிலிருந்து பந்தை எடுத்து வருபவர் கேப்டன் மட்டுமே, நடுவட்டத்துக்கு அவர் நடந்தே வருவார், அடுத்த ஐந்து நிமிடத்துக்கு விங் பேக்குகள் நடுக்கோட்டைத் தாண்ட மாட்டார்கள், முதல் மூன்று பாஸ்கள் பின்னோக்கியவையாக இருந்தாலும் பரவாயில்லை. பயிற்சி ஆட்டத்தில் விசில் ஊதி "இப்போது 0-1" என்று நீங்களாக அறிவித்து அந்த ஐந்து நிமிடத்தை ஆட வையுங்கள்.

அறிகுறி 6: அட்டைகள் குவிகின்றன

நடுவர் சரியில்லை என்ற விளக்கத்தை ஒரு பருவத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, வாங்கிய மஞ்சள் அட்டைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: வாய்க்காக வாங்கியவை, நேரத்தைக் கடத்தியதற்கும் தேவையற்ற குறுக்கீட்டுக்கும் வாங்கியவை, தாமதமான காலுக்காக (பந்து போன பிறகு எதிராளியின் மேல் பட்ட காலுக்காக) வாங்கியவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

வாயால் வரும் அட்டைக்கு, நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டுமே என்ற விதி போதும். 2024 ஐரோப்பியக் கோப்பையில் அதையே எல்லா அணிகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். பயிற்சியாளர் கோட்டோரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தால் இந்த விதி ஒரு வாரம்கூடத் தாங்காது என்பதை என் செலவில் கற்றுக்கொண்டேன்.

தேவையற்ற குறுக்கீட்டின் விலை என்னவென்று அறிய மீண்டும் அதே பிரேசிலுக்குத்தான் போக வேண்டும். 2014 காலிறுதியில் கொலம்பியாவுக்கு எதிராக 1-0 என்று முன்னணியில் இருந்தபோது, கோல்கீப்பர் ஒஸ்பினா பந்தை உதைக்கப் போகையில் கேப்டன் தியாகோ சில்வா குறுக்கே போய் மறித்தார். ஆபத்து எதுவும் இல்லாத இடம், ஆதாயமும் இல்லை. அது அந்தத் தொடரில் அவருடைய இரண்டாவது மஞ்சள் அட்டையாக அமைந்து, அரையிறுதியில் ஆடும் வாய்ப்பைப் பறித்தது. அவர் இருந்திருந்தால் பிரேசில் வென்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. தற்காப்பை அடுக்கி நிறுத்தும் ஆள் இல்லாமல்தான் அந்த ஆறு நிமிடங்கள் நடந்தன. 2018இல் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் ஆட்டம் எல்லாவற்றிலும் சமமாக நின்றபோது, 4 மஞ்சள் அட்டை வாங்கிய ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. 6 வாங்கிய செனகல் ஊர் திரும்பியது. உலகக் கோப்பையில் அட்டைக் கணக்கால் ஓர் அணி வெளியேறியது அதுவே முதல் முறை.

மூன்றாவது குவியலைத்தான் பயிற்சியாளர்கள் தவறாகப் படிக்கிறார்கள். தாமதமான காலுக்குக் காரணம் கோபம் என்று எண்ணி அறிவுரை சொல்கிறோம். வீடியோவைப் பத்து நொடி பின்னுக்குத் தள்ளினால் வேறொன்று தெரியும்: அந்த ஆட்டக்காரரின் முதல் தொடுகை ஒன்றரை மீட்டர் ஓடிவிட்டது; தான் இழந்த பந்தை மீட்கவே அவர் காலை நீட்டினார். அறிவுரை இங்கே பலிக்காது. முதல் அறிகுறிக்குத் திரும்பிச் சென்று சுவரின் முன்னால் அவரை நிறுத்துங்கள்.

அறிகுறி 7: நன்றாக ஆடுபவர் தாமதமாக வருகிறார், மற்றவர்கள் சோர்கிறார்கள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அணியில் அதிகக் கோல் அடித்த முன்கள ஆட்டக்காரர், காலை ஆறு மணிப் பயிற்சிக்கு ஆறே முக்காலுக்கு வருவார். கோல் அடிக்கிறாரே என்று நான் பேசாமல் இருந்தேன். இரண்டு மாதம் ஆட்டத்தில் எந்தக் கெடுதலும் தெரியவில்லை. மூன்றாவது மாதத்தில் விங் பேக் ஒருவர் ஆறே காலுக்கு வந்தார், பிறகு கோல்கீப்பர். ஒரு நாள் மைதானத்தில் ஆறு மணிக்கு நானும் கூம்புகளும் மட்டுமே இருந்தோம். அடுத்த ஆட்டத்தில் அந்த முன்கள ஆட்டக்காரரைத் தொடக்கப் பதினொருவரில் சேர்க்கவில்லை. 0-1 என்று தோற்றோம். நிர்வாகத்திலிருந்து கேள்வி வந்தது. அதற்கடுத்த வாரம் ஐந்து ஐம்பதுக்கு மைதானத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் மட்டும் பத்து நாள் கழித்து வந்தார். பருவம் முடியும்வரை தாமதிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே செய்திருந்தால் அந்த ஓர் ஆட்டத்தையும் இழந்திருக்க வேண்டாம்.

விதிகளைக் குறைவாக வையுங்கள். உங்களால் நிறைவேற்ற முடிந்தவற்றை மட்டும் வையுங்கள். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லாதீர்கள். ஓட்டம் இந்த விளையாட்டின் உயிர். அதையே தண்டனையாக்கினால் ஆட்டத்தில் அதை வெறுப்போடுதான் செய்வார்கள். தாமதமாக வந்தவர் அன்றைய பயிற்சி ஆட்டத்தில் வெளியே அமரட்டும். அதைவிடக் கசப்பானது அவர்களுக்கு வேறில்லை.

அறிகுறி 8: எல்லாம் சரியாக இருக்கிறது, கோல்தான் விழவில்லை

அடித்த ஒவ்வொரு பந்தும் எந்த இடத்திலிருந்து அடிக்கப்பட்டது என்று ஒரு படத்தில் புள்ளி வையுங்கள். பெரும்பாலான புள்ளிகள் பெட்டிக்கு வெளியே இருந்தால் குறை பொறுமையில். உள்ளேயே இருந்தால் ஊன்றும் காலில். பந்துக்கு மிகப் பின்னால் ஊன்றினால் உடல் சாய்ந்து பந்து மேலே பறக்கும். புள்ளிகள் உள்ளே இருந்து, காலும் சரியாக ஊன்றுகிறது என்றால் ஒன்றையும் மாற்றாதீர்கள். 2010இல் உலகக் கோப்பை வென்ற ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது. ஏழு ஆட்டங்களில் மொத்தம் 8 கோல்தான் அடித்தது. நாக் அவுட் சுற்றின் நான்கு ஆட்டங்களையும் 1-0 என்றே வென்றது. முதல் தோல்விக்குப் பிறகு அந்த அணி பாஸ் செய்வதை நிறுத்தவில்லை.

மாற்றங்களைச் செய்யும் வரிசை

ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் எடுங்கள். குறைந்தது மூன்று ஆட்டங்கள் அதற்குக் கொடுத்து, நோட்டில் தொடக்கத்தில் எழுதிய அதே எண்ணிக்கையை மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் முதலில் பயிற்சி முறையைச் சந்தேகியுங்கள். பிறகு அந்த ஆட்டக்காரரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். அமைப்பை மாற்றுவது இதற்கெல்லாம் பிறகு. அடிப்படையும் இடைவெளியும் ஒழுங்கும் மூன்று ஆட்டங்களாகச் சரியாக இருந்தும், எதிரணிகள் ஒரே இடத்தில் நம்மை எண்ணிக்கையால் மடக்குகின்றன என்று வீடியோ காட்டினால், அப்போது 4-4-2ஐக் கலைக்க உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறது.